எங்க வீட்டுத் தண்ணி குடிப்பியா?

கட்டுப் போட்ட காலைத் தலையணைமீது தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், தோழர்களே! "என்ன ஆயிற்று காலுக்கு? கூட்டங்களில் உம்மைக் காணோமே!" என்று நாள் தவறாமல் தொலைபேசியில் கேட்கிறீர்கள். தனித்தனியே சொல்லி மாளவில்லை. அதோடு, காலைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? கணுக்கால் எலும்பு விரிந்தது. மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் ஊன்றாதே என்றார். முடிந்தது காலின் கதை. நான் சொல்ல வந்தது அன்றிரவு ஒரு மூதாட்டி என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றி. எலும்பின் வலி இரண்டு மாத்திரையில் அடங்கிற்று. அந்தக் கேள்வியின் வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை இல்லை.

நடந்தது திருவண்ணாமலையில், ஒரு பௌர்ணமி இரவில்.

புருவத்தை உயர்த்தாதீர்கள்! கிரிவலம் போகவில்லை நான். மறுநாள் காலை அந்த நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பழைய தோழர் ஒருவரின் மகளுக்குச் சுயமரியாதைத் திருமணம்; வாழ்த்துரை வழங்க ஒப்புக்கொண்டிருந்தேன். நாள் கொடுக்கும்போது நிலவைப் பார்த்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை அல்லவா? அதன் பலனை அனுபவித்தேன். பௌர்ணமி என்றால் பேருந்துகள் நகருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடுகின்றன. விடுதி அறைகளின் வாடகை நிலவோடு சேர்ந்து ஏறுகிறது. பதினான்கு கிலோமீட்டர் பாதை நெடுகத் தலைகள், தலைகள், தலைகள்! கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பெருகிய கூட்டம் இது. கார்த்திகைத் தீபத்துக்கு மட்டும் திரண்ட ஊர், இப்போது மாதந்தோறும் திரள்கிறது.

கையில் பை, தோளில் துண்டு. இரவு ஒன்பது மணி இருக்கும். எதிரே குழந்தையைச் சுமந்துகொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு வழிவிட ஒதுங்கினேன். தார்ச்சாலை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஒரு முழப் பள்ளம். கால் உள்ளே மடங்கிற்று. உலர்ந்த விறகை ஒடித்தாற்போல ஓர் ஒலி கேட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

கடந்து போனவர்களைக் குறைகூற மாட்டேன். ஒருவர் நின்று தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். ஓர் இளைஞன் "என்னாச்சு சார்?" என்றான்; பின்னால் வந்த கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. வெள்ளம் நின்று விசாரிக்குமா? பக்கத்துச் சந்திலிருந்து இட்லி அண்டாவோடு வந்த ஒரு மனிதர்தான் அண்டாவை இறக்கி வைத்தார். "எழுந்திருக்காதீங்க அண்ணே, ஊன்றாதீங்க" என்றபடி என் கையை எடுத்துத் தம் தோளில் போட்டுக்கொண்டார். நெல் மூட்டை பழகிய தோள். பகலெல்லாம் விற்பனைக் கூடத்தில் சுமை தூக்குகிறவர், பௌர்ணமி இரவில் மனைவி அவிக்கும் இட்லியைச் சாலையோரம் விற்கிறவர் என்பது பிறகு தெரிந்தது. எழுபது கிலோ எடையுள்ள என்னை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

ஒரே அறை. முன்புறம் கல்நார்த் தகடு வேய்ந்த தாழ்வாரம், அதில் அடுப்பு. அவர் மனைவி, அவர் தாயார், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். கட்டிலில் கிடத்தினார்கள். மூதாட்டி, "வெளக்கெண்ணெயைக் காய்ச்சு, நான் உருவிவிடறேன், நரம்பு பெசகிக்கிச்சு" என்றார். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஆயா, உருவக்கூடாது! எலும்பு உடைஞ்சிருந்தா உருவ உருவ மோசமாயிடும்."

பிறகு அந்தப் பெண் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஆலையிலும் பட்டறையிலும் சாரத்திலும் வேலை செய்கிற நம் தோழர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டிய பாடம் அது. முதலில் செருப்பை இழுக்காமல் வாரை அறுத்து எடுத்தாள். விரல்களை அசைக்கச் சொன்னாள். விரல் நுனியைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டாள். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த நகத்தில் மறுபடி சிவப்பு ஏறுகிறதா என்று பார்த்தாள்; ஏறினால் இரத்த ஓட்டம் தடைபடவில்லை என்று பொருளாம். காலை இழுத்து நேராக்க முயலவில்லை. இருந்த நிலையிலேயே இரு பக்கமும் ரீப்பர்க் கட்டை வைத்து, கட்டைக்கும் தோலுக்கும் நடுவே பழைய வேட்டியை மடித்துக் கொடுத்து, முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை துணியால் கட்டினாள். ஆடாத அளவுக்கு இறுக்கம், விரல் நீலம் பாயாத அளவுக்குத் தளர்ச்சி. காலின்கீழ் மடித்த பாயை அடுக்கி உயர்த்தினாள். சந்து முனைப் பழச்சாறுக் கடையிலிருந்து பனிக்கட்டி வாங்கிவரச் செய்து, துணியில் சுற்றி அவ்வப்போது வீக்கத்தின்மீது வைத்தாள். பள்ளியில் இளம் செஞ்சிலுவைச் சங்கத்தில் கற்றதாம். பதினேழு வயது! எந்தத் தாயத்துக்கும் தெரியாத வித்தை இது.

"108-ஐக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார் அவர். மூச்சடைத்துக் கிடப்பவருக்கும் பிள்ளைப்பேற்றுக்குத் துடிப்பவருக்கும் வரவேண்டிய வண்டியை இந்த நெரிசலில் ஒரு கணுக்காலுக்காக இழுக்கவேண்டாம், விடியட்டும் என்றேன். விரலில் உணர்ச்சி இருக்கிறது, இரத்தம் கொட்டவில்லை, காத்திருக்கலாம் என்று அந்தப் பெண்ணும் சொன்னாள்.

வலி அடங்க என் பையில் இருந்த மாத்திரையை எடுத்தேன். தண்ணீர் கேட்டேன். செம்பை எடுத்த மூதாட்டி பாதி வழியில் நின்றார். என்னைப் பார்த்தார், என் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். கேட்டார்:

"தம்பி, எங்க வீட்டுத் தண்ணி குடிப்பியா?"

என்ன சொல்வேன்! "கொடுங்க அம்மா" என்று வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவர் அப்படிக் கேட்பதற்கு முன்பே, கட்டிலில் கிடத்தப்பட்ட கணம் முதல், என் கண் அந்த வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. நாட்காட்டி, கண்ணாடி, மகள் வாங்கிய பரிசுச் சான்றிதழ், அதற்கு மேலே அம்பேத்கர் படம். படத்தைக் கண்டதும் "தெரிந்துகொண்டேன்" என்று மனம் ஓர் அடி பின்வாங்கி உட்கார்ந்துகொண்டது. நாற்பது ஆண்டுகளாய்ச் சாதி ஒழிப்பு மேடையில் நின்றவன் நான்! கால் ஒடிந்து, ஏழையின் கட்டிலில் கிடந்து, அவர் வீட்டுப் பனிக்கட்டியில் வலி தணிந்துகொண்டிருக்கையில், "இவர்கள் யார்?" என்று சுவரில் தேடியிருக்கிறேன். அவர் வாய்விட்டுக் கேட்டார்; நான் வாய்திறக்காமல் கேட்டேன். யார் கேள்வி நேர்மையானது, தோழர்களே?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. வெளியே "அரோகரா" ஒலி. கூரை ஓட்டையில் நிலவு. இந்த ஊரிலேயே, நூற்றாண்டுக்கும் முன்னால், இப்படிப் புண்பட்டுக் கிடந்த இன்னொரு வழிப்போக்கனின் நினைவு வந்தது.

பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவன் இரமண மகரிசியைப் பற்றிப் பேசுவதா என்று கேட்காதீர்கள். அவர் கண்ட தத்துவத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு ஆசிரமம் இருக்கிறது, நூல்கள் இருக்கின்றன. அவருக்குச் சோறு போட்டவர்களைப் பற்றித்தான் என் பேச்சு. அவர்களைப் பற்றிப் பேசுவார் குறைவு.

1896 ஆகஸ்டு 29. மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை வைத்துவிட்டுப் போகிறான். பழைய நிலப்படத்தைப் பார்த்துத் திண்டிவனம்தான் அண்ணாமலைக்கு அருகிலுள்ள நிலையம் என்று அதற்குச் சீட்டு வாங்குகிறான். கையில் மிஞ்சியது மூன்றணா. விழுப்புரத்தில் இறங்கி, இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலேறி, பிறகு நடை. அறையணிநல்லூர்க் கோயிலில் பசிக்கிறது என்று கேட்கிறான். பூசகர் இல்லை என்கிறார். கீழூர்க் கோயிலில் கேட்கிறான், அங்கும் இல்லை. அப்போது, தோழர்களே, அந்தக் கோயிலில் மேளம் வாசிக்கிறவர் தம் பங்குச் சோற்றை இந்தப் பையனுக்குக் கொடுத்துவிடும்படி சொல்கிறார். உண்டைக்கட்டி அவருடைய கூலி. அன்றைய உழைப்புக்கு அன்றைய சோறு. அதைக் கொடுத்தார். பெயர் தெரியாது. மேளக்காரர் என்றுமட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சோற்றை ஏந்திக்கொண்டு தண்ணீருக்கு ஒரு வீட்டு வாசலில் நின்ற பையன், மயங்கி விழுந்தான். சோறு மண்ணில் சிதறியது. தெளிந்ததும் ஒரு பருக்கை விடாமல் பொறுக்கித் தின்றான். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் ஏறி உணவு கேட்டான். வயிறு நிறையப் போட்டார்கள். சுமார் இருபது ரூபாய் பெறுமான காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். வீட்டிலிருந்த அம்மையார் கண்ணனுக்குப் படைக்க வைத்திருந்த பலகாரத்தைப் படைக்கும் முன்பே பொட்டலம் கட்டிப் பையன் கையில் கொடுத்தார். கடவுளுக்கு முன் பசித்த பிள்ளை! அந்த அம்மையார் பகுத்தறிவு இயக்கத்தில் சேராதவர்தான். ஆனாலும் இதைவிட நாம் என்ன சொல்லப் போகிறோம்?

1896 செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை. வந்த அன்றே தலையை மழித்துக்கொண்டான், மிச்சக் காசையும் பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் வீசினான், பூணூலையும் எறிந்துவிட்டான். ஒரு கோவணம் மிஞ்சியது. கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தான். தெருப் பிள்ளைகள் கல்லெறிந்தார்கள். அதற்கு ஒதுங்கி, மண்டபத்தின் அடியில் இருக்கும் பாதாள லிங்கம் என்ற இருட்டுக் குழிக்குள் போய்விட்டான். பகலிலும் வெளிச்சம் புகாத இடம். எறும்பும் பூச்சியும் கடித்துத் தொடையெல்லாம் புண். சீழும் இரத்தமும் மண்ணோடு ஒட்டிக்கொண்டன. தன்னை மறந்து கிடந்தவனுக்கு வலியும் தெரியவில்லை என்கிறார்கள். அந்தத் தழும்பு அவர் உடம்பில் கடைசி வரை இருந்தது.

அந்தக் குழிக்குள் இறங்கி வந்தவர் யார்? இரத்தினம்மாள் என்ற ஓர் அம்மையார். உணவு கொண்டுவந்தார். "எங்கள் வீட்டுக்கு வந்துவிடு" என்ற பொருளில் கெஞ்சிப் பார்த்தார். பையன் அசையவில்லை. உட்காரவாவது ஆகட்டும் என்று ஒரு துணியை வைத்துவிட்டுப் போனார். பிறகொரு நாள், கல்லெறியும் பிள்ளைகளை விரட்டிக்கொண்டு வந்த வேங்கடாசல முதலியார் என்பவர், உள்ளே பார்த்துத் திகைத்து, அருகே தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கூட்டிவந்தார். நான்கு பேராகத் தூக்கிச் சுப்பிரமணியர் சந்நிதி அருகே கிடத்தினார்கள்.

1949 மே மாதம் இந்தப் பாதாள லிங்கத்தைப் புதுப்பித்துத் திறந்துவைத்தவர் அன்றைய கவர்னர் ஜெனரல் இராசகோபாலாச்சாரியார்! பெரிய மனிதர்கள் எப்போதும் புண் ஆறிய பிறகுதான் வருவார்கள். சீழ் வடியும்போது வருகிறவர்கள் இரத்தினம்மாள்கள்.

இதில் எனக்கு ஒரு நுணுக்கம் தென்படுகிறது. கீழூரில் அந்தப் பையன் மார்பில் பூணூலும் காதில் கடுக்கனும் இருந்தன. பாகவதர் வீட்டுக் கதவு திறந்ததில் அன்பு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே பசியோடு, அதே வயதில், நூல் இல்லாத ஒரு பிள்ளை அந்தத் தெருவில் நடந்திருக்க முடியுமா அந்தக் காலத்தில்? வீட்டுக்குள் என்ன, தெருவுக்குள்ளேயே விட்டிருப்பார்களா? திருவண்ணாமலையிலோ அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை. மொட்டைத் தலை, கோவணம், புண். எந்தக் குலம் என்று உடம்பில் எழுதியிருக்கவில்லை. இரத்தினம்மாள் அந்தப் புண்ணைப் பார்த்து வந்தார்.

கதவின் மறுபக்கத்தை நம் பெரியார் பார்த்தார். 1904-இல் காசிக்குப் போன இளைஞர் இராமசாமி, பசியோடு ஒரு சத்திரத்தில் நுழையப் போனார். பார்ப்பனர்களுக்கு மட்டும் சோறு. காவல்காரன் பிடித்துத் தள்ளினான். எச்சில் இலையில் மிஞ்சியதை உண்டு பசியாற்றிக்கொண்டார். அதே சத்திரத்தைக் கட்டியவர் தென்னாட்டுப் பார்ப்பனரல்லாத வணிகர் என்பதைச் சுவரில் படித்ததும் அவர் நெஞ்சில் மூண்ட தீ, பிறகு எத்தனையோ இடங்களில் எரிந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கென்று தனியிடம் ஒதுக்கிய வழக்கம் 1941-இல் ஒழிந்தது அந்தத் தீயின் வெப்பத்தில்தான். பயணம் போகிறவனுக்குப் பசியும் புண்ணும் வரும்; வந்தால் எவர் வாசலையும் தட்டும் உரிமை அவனுக்கு வேண்டும். நம் இயக்கத்தின் வரலாற்றில் பாதி இந்த வாசல் சண்டை அல்லவா?

முடிந்துவிட்டதா அந்தச் சண்டை? திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூர் இருக்கிறது. அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் நுழைந்தது எப்போது தெரியுமா? 2023 சனவரி 30. ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல். எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் சட்டம் வாசலில் நின்றுகொண்டிருந்தது! மாவட்ட ஆட்சியரும் காவல் துறையும் உடன் நிற்க, பொங்கல் பானையோடு உள்ளே போனார்கள். நான் கோயிலுக்குப் போகாதவன். போகவேண்டும் என்று விரும்புகிறவனைத் தடுப்பவன் எவனோ அவனோடுதான் என் வழக்கு.

ஆகவே அந்த மூதாட்டி கேட்டது அறியாமையால் அல்ல. எழுபது ஆண்டு அனுபவம் கேட்டது. கொடுக்கிறவர் அவர், வாங்குகிறவன் நான். வீடு அவருடையது, நொண்டி நான். ஆனாலும் விருந்து வைக்க விருந்தாளியிடம் அனுமதி கேட்கவேண்டியிருந்தது அவருக்கு.

மறுநாள் பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன்: "ஏன் அம்மா அப்படிக் கேட்டீங்க?" சிரித்தார். தாம் சிறு பெண்ணாக இருந்தபோது தேர்தலுக்கு வந்த கட்சிக்காரர்கள் சேரிக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்ததைச் சொன்னார். அவருடைய தகப்பனார் அதை ஊர் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னார்:

"இப்ப எல்லாக் கட்சிக்காரங்களும் வர்றாங்க தம்பி. கார்ல வர்றாங்க. கையில தண்ணி பாட்டில் வெச்சிருக்காங்க."

அவர் குறை கூறவில்லை. நடப்பைச் சொன்னார். எனக்கு உள்ளே சுட்டது. 1957-இல் கழகம் முதன்முதலாகத் தேர்தல் களத்தில் இறங்கியபோது நாடாளுமன்றத்துக்குப் போன இருவரில் ஒருவரை, இரா. தர்மலிங்கம் அவர்களை, அனுப்பிவைத்த தொகுதி இந்தத் திருவண்ணாமலை. சைக்கிளிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போன தோழர்களுக்கு விடுதி ஏது, வாடகை ஏது? ஏழையின் திண்ணைதான் தங்குமிடம். அவன் வீட்டுக் கூழ்தான் உணவு. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் தொண்டை நனைத்துப் பேசினோம். இப்போது கைப்பையில் புட்டித் தண்ணீர்! சுகாதாரம் என்பீர்கள். இருக்கட்டும், மூதாட்டியின் கணக்கில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

விடிந்ததும் தானி பிடித்தார் அவர். ஏற்றும்போது தயங்கினார். "அண்ணே, ஆஸ்பத்திரியில போலீஸ் கேட்டா, நீங்களா விழுந்தீங்கன்னு சொல்லிடுங்க." ஏன் என்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் லாரி மோதிக் கிடந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தாராம். பிறகு விசாரணை என்று மூன்று முறை அலைய நேர்ந்தது. மூன்று நாள் கூலி போயிற்று. அதற்குப் பின்னும் என்னைத் தூக்கினாரே! அதுதான் எனக்கு வியப்பு.

அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். நீங்களும் கிளைக்கழகங்களில் சொல்லுங்கள். விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்று வகுத்த நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கட்டாய வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134-அ என்ற பிரிவையே சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர்மீது, காயம்பட்டவருக்கு ஏதேனும் நேர்ந்தாலும், வழக்குப் போட முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. சேர்த்துவிட்டுப் போகிறவரைப் பணம் கட்டு என்று மருத்துவமனை நிறுத்தி வைக்கக்கூடாது. மூட்டை தூக்குகிறவருக்கு இது தெரியவில்லை என்றால் குற்றம் அவருடையதா, தெரிந்துகொண்டு மேடையில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த நம்முடையதா?

108 வண்டி 2008 செப்டம்பரில் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைக் கட்டணமின்றித் தர வந்தது. எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்ற கேள்வி அதில் இல்லை. கழக அரசு செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்றால் இந்தக் கேள்வி கேளாமையைத்தான் சொல்வேன். என் கால் மோட்டாரில் அடிபட்டதன்று, நானாக விழுந்தது. ஆகவே எனக்கு அந்தத் திட்டம் தேவைப்படவில்லை. இரத்தினம்மாள் ஒருத்தி பார்த்தால் பிழைக்கலாம், பாராவிட்டால் சாகலாம் என்ற நிலையை மாற்றத்தான் அரசு வேண்டும் என்கிறோம். ஆனால் அரசின் வண்டி வந்து சேரும்வரைக்கும், தோழர்களே, யாராவது ஒருவர் இட்லி அண்டாவைக் கீழே வைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அரசு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். வெளிக் கணுக்கால் எலும்பில் கீறல், விலகவில்லை. "கட்டை கட்டியது யார்? நன்றாகக் கட்டியிருக்கிறார்கள்" என்றார் மருத்துவர். அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அவள் பாட்டியோ, "எண்ணெய் போட்டிருந்தா இன்னேரம் நடந்திருப்பான்" என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

திருமணத்துக்குப் போக முடியவில்லை. தொலைபேசியிலேயே வாழ்த்தினேன். மணமக்கள் மாலையோடு நேரே அந்தச் சந்துக்கே வந்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் அடுப்புப் பக்கம் நின்று நான்கு பேருக்கு முன்னால் என் வாழ்த்துரையைக் கேட்டார்கள். நான் பேசிய மிகச் சிறிய கூட்டம். மைக் இல்லை, கைத்தட்டல் உண்டு. வந்தவர்களுக்கெல்லாம் மூதாட்டி தண்ணீர் கொடுத்தார். அந்த முறை அவர் எதையும் கேட்கவில்லை.

நான்கு நாள் அந்த வீட்டில் இருந்தேன். ஒரே கட்டில் எனக்கு. அவர்கள் நால்வரும் தரையில். புறப்படும்போது பணம் கொடுக்கப் போனேன். வீட்டம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது: "வாடகைக்கா வெச்சிருந்தோம்?" பேசாமல் பையில் போட்டுக்கொண்டேன். மகளுக்குச் செவிலியர் படிப்பில் ஆசை; விண்ணப்பம் போடவும் அலையவும் ஆள் இல்லை. அதற்கு மட்டும் நான் அலைகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

நகரக் கழகத் தோழர்கள் என்னைப் பார்க்க வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். அடுத்த பௌர்ணமிக்கு அந்தச் சந்து முனையில் ஒரு நீள் பலகை, ஒரு தூக்குக்கட்டில், கட்டுத்துணி, ரீப்பர்க் கட்டை, பனிக்கட்டிப் பெட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொடி கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். கட்டுங்கள், ஆனால் தண்ணீரை மட்டும் லாரியில் கொண்டுவராதீர்கள், எதிர்வீட்டில் கேட்டு வாங்கி வையுங்கள் என்றேன். பானை தருவதாக மூதாட்டி சொல்லிவிட்டார். என் கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பௌர்ணமி வந்துவிடும். ஊன்றுகோலோடு போய் அந்தப் பலகையில் உட்காரப் போகிறேன். இந்தத் தடவை நாட்காட்டியைப் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறேன்.